முதல் சம்பளம் யாருக்கு? சிறிய யூதச் சமூகத்தில் வழிபாடும் கல்வியும்

தில்லி ஹுமாயூன் சாலையில் யூதா ஹயாம் என்றொரு சின்ன ஜெப ஆலயம் இருக்கிறது. 1956இல் கட்டியது. பக்கத்திலேயே யூதர்களின் கல்லறைத் தோட்டம். தில்லியில் நிலையாக வாழும் யூதக் குடும்பங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி அங்கே வருபவர்கள் தூதரக ஊழியர்கள், வியாபாரமாக வந்தவர்கள், சுற்றுலாப் பயணிகள். ரப்பி எனப்படும் மத ஆசான் நிரந்தரமாகக் கிடையாது. வழக்கறிஞர் ஒருவர் ஆலயத்தின் கௌரவச் செயலாளராக இருந்துகொண்டு, பல பத்தாண்டுகள் வெள்ளி மாலை வழிபாட்டைத் தானே நடத்திவந்தார்.

கொல்கத்தாவில் நிலைமை வேறு. 1884இல் எழுப்பிய மாகென் டேவிட் ஜெப ஆலயத்தின் உயரமும் வண்ணக் கண்ணாடிகளும் பார்ப்பவரை நிற்கவைக்கும். அது தவிர இன்னும் இரண்டு ஆலயங்கள். 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. அதில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆயிரம் பேர் இருந்த சமூகம் இப்போது ஏறத்தாழ 20 பேராகக் குறைந்துவிட்டது. கொல்கத்தா யூதர்கள் ஏதோ பிழை செய்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. லண்டனுக்கும் இஸ்ரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களைக் கட்டடமா தடுத்து நிறுத்தும்? ஆனால் இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. 20, 30 குடும்பங்களே உள்ள ஓர் ஊர். ஆண்டுச் சந்தாவும் நன்கொடையும் சேர்த்தால் ஒரே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும்?

எனக்கு இந்தக் கேள்வியில் அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. நான் யூதன் இல்லை. வெளிநாட்டு நகரம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்தவன். அரங்கம் வாடகைக்கு எடுத்தோம், ஆண்டுவிழா நடத்தினோம், ஊரிலிருந்து பேச்சாளரை வரவழைத்தோம். 13, 14 வயதானதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். அவர்கள் கற்ற தமிழுக்கு அந்த ஊரில் எங்கேயும் வேலை இருக்கவில்லை. அதை நாங்கள் உணர்ந்தபோது முதல் வரிசைப் பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விட்டார்கள். உலகத்தில் சிறுபான்மையாகச் சிதறி வாழ்ந்து, எழுத்தையும் ஓதலையும் இரண்டாயிரம் ஆண்டுகள் கைமாற்றிய மக்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று அப்போதுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பத்து என்ற எண்

யூத வழிபாட்டில் 10 பேர் கூடினால்தான் அது ஊர்க்கூட்ட வழிபாடு. மின்யான் என்பார்கள். மரபுவழிச் சமூகங்களில் 13 வயது நிறைந்த ஆண்கள் 10 பேர். அந்தப் பத்து சேராவிட்டால் வழிபாடே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ‘ஷெமா இஸ்ராயேல்’ என்ற அடிப்படை அறிக்கையைத் தனியாளாகச் சொல்லலாம். நின்றபடி சொல்லும் அமிதா மன்றாட்டையும் தனியாகச் சொல்லலாம். வெள்ளி மாலை, சப்பாத் என்ற வார ஓய்வுநாளை வரவேற்கும் சங்கீதங்களைப் பாடத் தடையில்லை. பத்துப் பேர் இல்லாவிட்டால் செய்ய முடியாதவை சில: மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளை எடுத்து ஆசிமொழியோடு வாசிப்பது, அமிதாவின் நடுவே ஊராக நின்று சொல்லும் கெதுஷா என்ற துதி, இறந்தவரை நினைத்துச் சொல்லும் கதீஷ்.

கதீஷ்தான் உயிர்நாடி. தாயோ தந்தையோ இறந்தால் பதினோரு மாதம் கதீஷ் சொல்வது வழக்கம். பிறகு ஆண்டுதோறும் அந்தத் திதியன்று. மற்ற நாட்களில் ஆலயத்துப் பக்கமே வராதவர்கூட அப்பாவின் திதிக்கு வந்து நிற்பார், அவருக்காக ஒன்பது பேர் வர வேண்டும். சிறிய ஊரில் ஒருவர் இன்னொருவருக்குப் பட்டிருக்கும் கடன் இதுதான்.

சின்ன ஊர்களின் இந்தத் திண்டாட்டம் புதிதல்ல. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுத்த மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலேயே இது பேசப்படுகிறது. வேறு வேலை இல்லாமல் வழிபாட்டுக்கென்று ஒதுங்கக்கூடிய 10 பேர் உள்ளதே பெரிய ஊர், அதற்குக் குறைந்தால் கிராமம் என்கிறது. கிராமத்தார் பூரிம் திருநாளின் எஸ்தர் சுருள் வாசிப்பை, சந்தைக்கும் கூட்டத்துக்கும் ஊர் கூடும், முன்னதாக வரும் திங்கள் அல்லது வியாழனுக்கே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சலுகை தருகிறது. ஆள் கூடுகிற நாளுக்கு வழிபாட்டை நகர்த்தலாம் என்ற அந்தப் பழைய அனுமதியை நான் பின்னால் மறுபடி எடுப்பேன்.

ரப்பியா, ஓதுபவரா?

ஜெப ஆலயம் என்றதும் நமக்கு ரப்பிதான் நினைவுக்கு வருவார். ஆனால் ரப்பியின் தொழில் பூசை செய்வதல்ல. மதச் சட்டம் கற்றுத் தீர்ப்புச் சொல்பவர், போதிப்பவர். வழிபாட்டை முன்னின்று நடத்துபவர் வேறு. அவரை ஹஸ்ஸான் என்பார்கள், நம் கோயில் ஓதுவாரை மனத்தில் வைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் நிற்கலாம்.

இருவருக்கும் சம்பளம் தர வசதியில்லாத ஊர் என்ன செய்வது? 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேப் காரோ தொகுத்த ‘ஷுல்ஹான் ஆரூக்’ சட்டநூல் இந்தக் கேள்வியை நேராகவே எடுக்கிறது. ரப்பி பெரும் கல்விமான், தீர்ப்புச் சொல்வதில் தேர்ந்தவர் என்றால் அவருக்கே முதலிடம். அப்படி இல்லையென்றால் ஓதுபவருக்கே முதலிடம். முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். ரப்பிகளே எழுதிய சட்டம், சாதாரண ரப்பியைவிட நல்ல ஓதுபவரே சிறிய ஊருக்குத் தேவை என்று சொல்கிறது.

இந்திய அனுபவம் அதை ஒட்டியே போகிறது. கொச்சி யூதர்களுக்குத் தங்கள் ஊரில் ரப்பிகள் இருந்ததில்லை. மூப்பர்களும் ஓதுபவர்களும் வைத்து நடத்தினார்கள். சமூகத் தலைவருக்குக் கொச்சி ராஜா கொடுத்த பட்டம் ‘முதலியார்’ என்பது தமிழ்க் காதுக்கு இனிக்கும். 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, சீனத்திலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள்மேல் நடக்கும்போது, ரப்பியே இல்லாமல் இந்த மக்கள் இத்தனை நூற்றாண்டு சரளமாக எபிரேயம் ஓதினார்கள் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் இன்னும் கடினமான இடத்திலிருந்து தொடங்கியவர்கள். எண்ணெய் ஆட்டுவது தொழில். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் அக்கம்பக்கத்தார் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்கள். சப்பாத், விருத்தசேதனம், உணவு விலக்குகள், ஷெமாவின் முதல் வரி, இவ்வளவுதான் அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது. தோராச் சுருள் இல்லை. கொச்சியிலிருந்து வந்த தாவீது ரஹபி மூன்று குடும்பத்து ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்து அவர்களைச் சடங்குகளை நடத்தும் ‘காஜி’களாக அமர்த்தினார் என்பது அவர்களின் மரபுச் செய்தி. 1796இல் சாமுவேல் திவேகர் பம்பாயில் அவர்களின் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டினார். அதன் பிறகும் உள்ளே நின்று வாசிக்க ஆள் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கொச்சியிலிருந்து வந்த ஷெலோமோ சாலேம் ஷுர்ராபி போன்றவர்கள் ஓதுபவராகவும் ஆசிரியராகவும் ஒரே ஆளாக உழைத்தார்கள். ஒரு பெரிய சமூகம் தன் எபிரேயத்தைத் திரும்பப் பெற்றது இப்படிப்பட்ட ஓதுகிற வாத்தியார்களால்.

இங்கிலாந்தின் சிறு நகரங்களிலும் இதே ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. முழு ரப்பிப் பட்டம் இல்லாத ஒருவரை ‘ரெவரண்ட்’ என்ற பெயரில் அமர்த்துவார்கள். ஓதுவது, பிள்ளைகளுக்குப் பாடம், முறைப்படி இறைச்சி அறுப்பது, சில இடங்களில் விருத்தசேதனம், எல்லாம் அவர் தலையில். சம்பளம் குறைவு, வேலை அதிகம். அந்த மனிதர்களைப் பிழிந்தெடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவரை நான்கு வேலைக்கு வைத்தால், பிள்ளைகளின் பாடம்தான் எப்போதும் கடைசிக்குப் போகும்.

வந்துபோகிறவர்கள்

முழுநேர ஆளுக்கு வழியில்லாத ஊர்களுக்கு மூன்றாவது வழி, வெளியிலிருந்து ஒருவர் அவ்வப்போது வருவது. அமெரிக்காவில் சின்சினாட்டி ஹீப்ரூ யூனியன் கல்லூரி மாணவர்கள் படிக்கும்போதே மாதம் ஒருமுறையோ இருமுறையோ சிற்றூர்களுக்குப் போய் வழிபாடு நடத்திவந்தார்கள். ஊருக்கும் செலவு குறைவு, மாணவருக்கும் பயிற்சி. குறை ஒன்றுதான்: இரண்டு ஆண்டில் அவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், அடுத்தவர் வந்து பிள்ளைகளின் பெயரிலிருந்து தொடங்குவார்.

இதைவிட எனக்குப் பிடித்தது மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் 2000இல் தொடங்கிய தென்மாநில யூத வாழ்வு நிறுவனத்தின் முறை. அவர்கள் சிற்றூர்களுக்குப் பொதுவான பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். பயிற்சி பெற்ற இளம் கல்வியாளர்கள் ஆண்டில் சிலமுறை ஒவ்வோர் ஊருக்கும் வந்து அங்கே பாடம் எடுக்கும் உள்ளூர்ப் பெற்றோர்களுக்குத் துணைநிற்கிறார்கள். வகுப்பை நடத்துவது உள்ளூர் ஆள், வருபவர் அவருக்கு ஆசிரியர். வந்துபோகிறவரை எங்கே பயன்படுத்துவது என்பதற்கு இது சரியான விடை. அவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தால் அவரோடு அது போய்விடும். உள்ளூர் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்தால் ஊரில் நிற்கும்.

இன்னொரு வகை, ஷாபாத் என்ற மரபுவழி யூத இயக்கம் அனுப்பும் தூதர் குடும்பங்கள். கணவனும் மனைவியுமாக ஓர் ஊருக்கு வந்து குடியேறுவார்கள், செலவுக்கான பணத்தைத் தாங்களே திரட்டிக்கொள்வார்கள். மும்பை நரிமன் இல்லத்தில் அப்படிப் பணியாற்றிய ரப்பி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்கும் அவர் மனைவி ரிவ்காவும் 2008 நவம்பர் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். வீட்டைத் திறந்துவைத்துப் பயணிகளுக்குச் சோறு போட்ட அந்த உழைப்பை மரியாதையோடுதான் பேச வேண்டும். ஆனால் முடிவெடுக்கும் ஊர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூதரின் ஓதல் முறையும் சட்ட நிலைப்பாடுகளும் அவருடைய இயக்கத்தினுடையவை. பெனே இஸ்ரேல் ராகமோ கொச்சி ராகமோ அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிள்ளைகள் அவரிடம் படித்தால் அவருடைய ராகத்தில்தான் ஓதுவார்கள். இதை ஏற்பதா என்பதை அவர் வருமுன் ஊர் கூடிப் பேசிக்கொள்வது நல்லது.

இந்த வழிகளை நான் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: ஆண்டுமுடிவில் இந்த ஊரில் தோரா வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடியிருப்பாரா? இதில் முதலில் நிற்பது ஓதத் தெரிந்த ஆசிரியர், அரைநாள் வேலையாக இருந்தாலும் சரி. அடுத்து, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தரும் வருகையாளர். சம்பள ரப்பி மூன்றாவது. மாதம் ஒருமுறை வந்து வழிபாட்டை நடத்திக்கொடுத்துவிட்டுப் போகிறவர் கடைசி. ரப்பியிடம் கேட்கவேண்டிய திருமண, மதமாற்ற, மணவிலக்குச் சிக்கல்கள் சிறிய ஊரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். அவற்றுக்குத் தொலைபேசி போதும், நேரில் வேண்டுமானால் ஒரு பயணம்.

வாரத்தில் எந்த வேளை?

முப்பது குடும்பங்கள் உள்ள ஊரில் பலர் செய்யும் பிழை, பெரிய ஊரின் நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு வெள்ளி மாலையும், ஒவ்வொரு சனி காலையும், எல்லாப் பண்டிகையும். சனி காலை ஏழு பேர் வந்து சுருளைத் திறக்காமலே திரும்பினால் அந்த ஏழு பேரும் சோர்ந்துபோவார்கள். இரண்டு மாதத்தில் அவர்கள் நான்காவார்கள்.

வெள்ளி மாலையை வாரந்தோறும் வைக்கலாம். பத்து சேராவிட்டாலும் சங்கீதங்கள் உண்டு, பாட்டு உண்டு, விளக்கு உண்டு, பிறகு வீட்டில் திராட்சை ரசமும் ரொட்டியும் உண்டு. இழப்பு சிறியது. சனி காலை மாதம் ஒன்று போதும். அந்த மாதத்தில் வரும் திதிக்காரர்கள் எல்லாரையும் முன்கூட்டியே கூப்பிட்டு, அதை நிறைந்த வழிபாடாக நடத்தலாம். திதியன்றே கதீஷ் சொல்வதுதான் முறை என்பவர்கள் உண்டு, அவர்களுக்கு அன்று தனியே ஆள் திரட்டித்தான் ஆகவேண்டும். மற்றவர்களுக்கு மாதத்தில் ஒரு சனி போதுமானதாக இருக்கும். மிஷ்னா கிராமத்தாருக்குத் தந்த அனுமதியின் உள்ளம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் கூடுகிற நாளைப் பார். புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கும் பாவமன்னிப்பு நோன்பான யோம் கிப்பூருக்கும் ஒன்றிரண்டு பேர் குறைந்தால் செலவு செய்து வெளியூர் ஆட்களை வரவழைக்கலாம், அந்தச் செலவை ஊரார் பகிர வேண்டும் என்பதும் காரோவின் நூலை ஒட்டிய சட்ட மரபில் இருக்கிறது. அந்தச் செலவுக்கு வரவுசெலவில் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

நகரம் பரந்துகிடக்கிறது, சப்பாத்தில் வண்டி ஏறாதவர்கள் இருக்கிறார்கள் என்றால், மாதச் சனிக்கு முந்தைய இரவு அவர்களைத் தங்கவைக்க ஆலயத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் வேண்டும். கூரை மராமத்தைவிட அந்த அறைகள் முக்கியம் என்பது என் எண்ணம்.

பெண்களை எண்ணுவதா?

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம். பெண்களையும் சேர்த்து எண்ணினால் பத்து பாதி நேரத்தில் சேர்ந்துவிடும். தில்லியில் அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவு 1973இல் இதை அனுமதித்தது, சீர்திருத்தப் பிரிவில் இது கேள்வியே இல்லை. மரபுவழியினர் ஏற்பதில்லை. பம்பாயில் 1925இல் மருத்துவர் ஜெருஷா ஜிராட் முன்னின்று தாராளப் போக்குள்ள யூத மதச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே மக்கள் இருந்தார்கள், விரும்பியவர் இங்கே, விரும்பாதவர் அங்கே என்று பிரிந்து வாழ முடிந்தது. முப்பது குடும்பங்கள் பிரிந்தால் இரண்டு பக்கமும் பத்து தேறாது.

என் மகளுக்கு ஓதத் தெரியும், ஆனால் எண்ணிக்கையில் அவள் இல்லை என்று சொல்ல நேரும் தாயின் முகத்தை நினைத்தால் எண்ண வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் இது அவர்கள் மார்க்கம், வெளியாள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் கேட்பது ஒன்றுதான்: எப்படி முடிவெடுத்தாலும் அதை எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். ஒன்பது ஆண்களும் நான்கு பெண்களும் நிற்கும் ஒரு சனி காலையில், அழுகையோடு ஒருவர் கதீஷுக்குக் காத்திருக்கும்போது, அந்த வாக்குவாதத்தைத் தொடங்கக் கூடாது. எண்ணுவதில்லை என்று முடிவெடுத்த ஊரிலும் பெண்பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கற்றுத்தருவதற்கு எந்தத் தடையும் இல்லை. நாளை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

பள்ளிக்கூடம் கட்டுவதா, திண்ணையில் கற்பதா?

1875இல் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் பம்பாயில் பெனே இஸ்ரேல் பிள்ளைகளுக்கென்று இஸ்ரேலைட் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது சர் எல்லி கதூரி பெயரைப் பெற்றது. எண்ணெய் ஆட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் படித்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் சேர்ந்ததில் அந்தப் பள்ளிக்குப் பங்கு உண்டு. அன்றைக்கு அது சரியான முடிவு, ஆயிரக்கணக்கான மக்கள் இருந்தார்கள். இன்று முப்பது குடும்பத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருந்தால் பெரிது. அவர்களுக்கு முழுநேரப் பள்ளி என்பது பேச்சுக்கே இடமில்லாதது. பிள்ளைகள் இல்லாமல் போன பிறகும் பள்ளி மட்டும் நிற்கும், கொல்கத்தாவில் நிற்பதுபோல. அது ஊருக்கு நல்லது, அந்தச் சமூகத்தின் ஓதலுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

வெளியூருக்கு அனுப்புவது இரண்டாவது யோசனை. இதற்கு, மிஷ்னாவையும் அதன்மேல் எழுந்த விவாதங்களையும் கொண்ட தால்முத்தில் ஓர் அழகான பகுதி இருக்கிறது. ஆரம்பத்தில் ஆசிரியர்கள் எருசலேமில் மட்டும் இருந்தார்கள். பிறகு வட்டாரத் தலைநகரங்களில் அமர்த்தி, 16, 17 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். வாத்தியார் கோபித்துக்கொண்டால் அவர்கள் முறைத்துக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியரை அமர்த்தி, ஆறு ஏழு வயதிலேயே தொடங்கவைத்தார். அதன் பிறகு பிள்ளையை ஊர்விட்டு ஊர் படிக்கக் கூட்டிப்போகக் கூடாது. ஒரே ஊருக்குள் ஒரு ஜெப ஆலயத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பலாம். நடுவில் ஆறு இருந்தால் அனுப்பக் கூடாது. உறுதியான பாலம் இருந்தால் அனுப்பலாம், ஒற்றைப் பலகை என்றால் வேண்டாம். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கும் அங்கேயே இருக்கிறது. ஆற்றையும் பலகையையும் எண்ணிப்பார்த்தவர்கள் பிள்ளை பெற்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அகமதாபாத்துப் பிள்ளையை மும்பைக்கு வாராவாரம் அனுப்புவது நடக்காது. ஆனால் கோடை விடுமுறையில் ஒரு வாரம் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். அகமதாபாத்தின் மாகென் ஆபிரகாம், 1934இல் கட்டியது, குஜராத் முழுவதற்கும் ஒரே ஜெப ஆலயம். அங்கே வளரும் பிள்ளைக்குத் தன் வயதில் இன்னும் நாற்பது யூதப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் பார்ப்பது பாடத்தைவிடப் பெரிய பாடம்.

மிஞ்சுவது வார வகுப்பு. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் போன்றது. இதில்தான் நான் என் தமிழ் வகுப்பில் செய்த தவறுகளை வைத்துப் பேச முடியும்.

தோராச் சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது, ராகக் குறிகளும் கிடையாது. தமிழில் ‘க’வையும் ‘ல்’ஐயும் மட்டும் எழுதிவைத்து, அது கல்லா, காலா, கோலா, கொல்லா என்று வாசிப்பவரே அறிந்து வாசிக்க வேண்டும் என்றால் எப்படியோ அப்படி. குறியிட்ட அச்சுப் புத்தகத்தில் பலமுறை படித்து, ராகத்தோடு மனத்தில் ஏற்றிய பிறகே சுருள்முன் நிற்க முடியும். அதனால் இங்கே ‘பண்பாட்டு அறிமுகம்’ என்ற பெயரில் ஓவியமும் கதையுமாக வகுப்பை நிரப்பினால் வாசிப்பு வராது. எங்கள் வகுப்பில் அதைத்தான் செய்தோம். பொங்கல் பானை வரைந்தார்கள், வாசிக்கக் கற்கவில்லை.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. எபிரேயத்தை ஆங்கில எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதிக்கொடுத்தால் முதல் வாரமே எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். பெரியவர்களுக்கு அது வழிபாட்டில் கலக்க உதவும், கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டு எழுதிவைத்துப் பாடிய எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தமிழ் எழுத்துக்குத் திரும்பவில்லை.

ஆனால் விளக்கம் வீட்டு மொழியில்தான் இருக்க வேண்டும். 1832இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் மராத்தியில் எபிரேய இலக்கணம் எழுதினார். அவர் நோக்கம் வேறாக இருந்தாலும் பெனே இஸ்ரேல் மக்கள் அந்த மொழிக் கல்வியைத் தங்கள் மார்க்கத்தை உறுதியாக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1846இல் பாஸ்கா இரவில் வாசிக்கும் ஹகதா நூலை மராத்தியோடு அச்சிட்டார்கள். பின்னர் பைபிள் கதைகளை மராத்திக் கீர்த்தனையாகவே பாடினார்கள். கொச்சிப் பெண்கள் மலையாளத்தில் யூதப் பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். ஓதுவது எபிரேயம், புரிந்துகொள்வது தாய்மொழி என்ற இந்த ஏற்பாட்டை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

திரையில் கற்பதைப் பற்றி: மரபுவழியினர் திரைவழியே பத்து சேர்ந்ததாக எண்ணுவதில்லை. கல்விக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே திரையில் உட்காரவைத்து எழுத்துக் கற்பிப்பது வீண். ஒரு பிள்ளை, ஓர் ஆசிரியர், வாரம் இருமுறை இருபது நிமிடம் என்றால் நன்றாகவே நடக்கும். ‘ழ’கரத்தை நான் திருத்தியது அப்படித்தான், எபிரேயத்தின் தொண்டை ஒலிகளுக்கும் அது பொருந்தும். ஆக, உள்ளூர் ஆசிரியர் வார வகுப்பை நடத்தட்டும், 13 வயது நிறையும்போது நடக்கும் பார் மிட்ஸ்வாவை நெருங்கும் பிள்ளைக்கு மட்டும் அந்தச் சமூகத்தின் ராகம் தெரிந்த ஒருவர் இஸ்ரேலிலிருந்தோ மும்பையிலிருந்தோ தனிப்பாடம் சொல்லட்டும்.

கட்டடம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெப ஆலயத்தைக் கல்விக்கூடமாக மாற்றலாம், கல்விக்கூடத்தை ஜெப ஆலயமாக மாற்றக் கூடாது என்று தால்முத்திலேயே ஒரு கருத்து உண்டு. ஜெப ஆலயத்தை விற்ற பணத்தில் சுருள் வைக்கும் பேழை வாங்கலாம், பேழையை விற்றுச் சுருளின் உறை, அதை விற்று வேதநூல்கள், அவற்றை விற்றுத் தோரா. எதிர்த்திசையில் போகக் கூடாது என்கிறது மிஷ்னா. அந்தத் தோராவையும் இரண்டு காரணத்துக்காக விற்கலாம்: தோரா கற்க, திருமணம் செய்ய. படிவரிசையின் உச்சியில் கற்கிற மனிதர் நிற்கிறார்.

பழைய ஆலயம் இருந்தால் அதன் மராமத்துக்குத் தொல்லியல் துறையையும் பாரம்பரியக் கட்டட நன்கொடையாளர்களையும் அணுகட்டும். சந்தாப் பணத்தைத் தொட வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பவழம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் நம் சென்னையிலும் இருந்தார்கள், 1688இல் அமைந்த மாநகராட்சியில் ஆல்டர்மேன் என்ற மன்ற உறுப்பினர்களாகவும் உட்கார்ந்தார்கள். வியாபாரம் நின்றதும் போய்விட்டார்கள். பவழக்காரத் தெரு என்ற பெயரும் சில கல்லறைக் கற்களும் இங்கே இருக்கின்றன.

நான் தேர்ந்தெடுப்பது

முப்பது குடும்பங்கள், பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு சம்பளம். அது ஓதத் தெரிந்த ஆசிரியருக்கு, அந்த வரிசையில்: முதலில் ஆசிரியர், பிறகு ஓதுபவர். வாரம் இரண்டு வகுப்பு, வெள்ளி மாலை, மாதம் ஒரு சனி, பெருநாட்கள். இறைச்சி அறுப்பதையும் அலுவலகக் கணக்கையும் அவர் தலையில் கட்டக் கூடாது. கற்றதற்கு உடனே வேலை இருக்க வேண்டும். தோராவுக்கு அழைக்கப்படும் ஒருவருக்குக் குறைந்தது மூன்று வசனம். மூன்று வசனத்தை ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். 13 ஆகாத சிறுவர்கள் தீர்க்கதரிசிகள் பகுதியான ஹஃப்தாராவை வாசிக்கப் பல மரபுகளில் இடமுண்டு. பெனே இஸ்ரேல் ஊர் என்றால் எலியா தீர்க்கதரிசியின் பெயரால் அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழமும் படைக்கும் மலிதா இருக்கிறது; சுருளும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம், வீட்டில் நடக்கும். அதன் பாட்டையும் ஆசிமொழிகளையும் பிள்ளைகளிடம் விடலாம்.

பிள்ளைகளே இல்லாத ஊர் என்றால் என் விடை மாறும். அங்கே ஆசிரியருக்குப் பதில் பெருநாட்களுக்கு ஆள் வரவழைப்பதிலும், முதியவர்களின் ராகத்தை ஒலிப்பதிவு செய்வதிலும் பணம் போக வேண்டும். மும்பைக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய புனே போன்ற ஊர் என்றால் ஆசிரியரை மும்பையோடு பகிர்ந்துகொள்ளலாம்.

ஆசிரியரை அமர்த்தும் ஒப்பந்தத்தில் நான் ஒரு வரி சேர்ப்பேன். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள், அவர் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில், உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் சுருளைத் திறந்து அந்த வாரப் பகுதியை வாசித்து முடித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது இருபது வயதுக்குள் இருக்க வேண்டும்.